ஞாயிற்றுக்கிழமை மழை

ஓய்வுபெற ஒரு வாரம் இருக்கையில் பல்கலைக்கழகத்தில் என் அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து தபால் அட்டைகள் கட்டுக்கட்டாக வந்தன. வந்தது தும்மலா அழுகையா என்று கேட்டால், இரண்டும்தான்.

முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் நான் ஆராய்ச்சி மாணவி. பல்கலைக்கழகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் இருநூறு பேருக்கு மழைமானி கொடுத்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து, அட்டையில் எழுதி, மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். பேக்கரிக்காரர், பஸ் டிரைவர், பல் டாக்டர் என்று ஊரே எனக்காக மழையை அளந்தது. தபால்காரரைக் கண்டால் எனக்குக் கால் தரையில் பாவாது. அந்தச் சந்தோஷம் பிறகு எந்தப் பட்டத்திலும் கிடைக்கவில்லை.

ஆனால் அப்போதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அட்டையைத் தள்ளிவிடுவேன். தையல்காரர் ஒருவரின் அட்டையில் ஞாயிறுதோறும் காலி. சிவப்பு மையில் 'பிழை' என்று கிறுக்கி அவரை மொத்தமாக ஒதுக்கினேன்.

ஆய்வேடு முடிந்ததும், துணியில் அச்சடித்த பெரிய வரைபடம் ஒன்றை நடைவழியில் தொங்கவிட்டோம். மழை அளந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நீலப் புள்ளி. அந்த வருடத் திறப்பு நாளில் அவரவர் புள்ளியைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக முண்டியடித்தார்கள். தையல்காரர் மட்டும் தேடித் தேடி, கடைசியில் என்னிடம் வந்தார். ஞாயிறு அளக்காததால் சேர்க்கவில்லை என்று வெடுக்கென்று சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவும்மா. மானி கடை மாடியிலதான் இருக்கு. அன்னைக்குப் பெஞ்சது எங்க போயிடும்? திங்கக்கிழமை அதையும் சேர்த்துத்தானே அளக்குறேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மாத மொத்தம் மட்டுமே; அது அவர் அட்டையில் சுத்தமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் புள்ளி வைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். கூட்டத்தில் மறந்தேன். பிறகு வகுப்பு, விடைத்தாள், கல்யாணம், பிள்ளைகள். அவரோ மேலும் ஒன்பது வருடம் மாதம் தவறாமல் அட்டை அனுப்பினார். அப்புறம் நின்றுபோனது.

இப்போது அவருடைய அட்டைகள் கையில் அகப்பட்டதும், நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினேன். வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட அனுப்புவதற்காக எங்கள் ஆய்வகப் பணியாளர் கழற்றி மேசையில் விரித்திருந்தார்; நான் சேர்ந்த வருடமே வேலைக்கு வந்தவர். தையல்காரரின் தெருவை விரலால் தேடினேன். அங்கே ஏற்கெனவே ஒரு நீலப் புள்ளி. தடவினால் மேடாக இருந்தது. அது மை இல்லை, நூல் முடிச்சு.

"அந்தத் தையல்காரர் போட்டதும்மா. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காக நின்னாரு. 'அவங்களுக்கு வேலை ஜாஸ்தி, நானே வெச்சிக்கிறேன்'னு, சட்டையில குத்தியிருந்த ஊசியால தச்சிட்டுப் போனாரு."

முப்பது வருடமாகத் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன். நேற்று வந்து பார்த்த சட்டம் போடுபவர், முடிச்சு கண்ணாடியில் இடிக்கும், கத்தரித்துவிடலாமா என்று கேட்டதாகப் பணியாளர் சொன்னார்.

"கண்ணாடியே வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றேன்.