பத்து மணிச் சங்கு

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ஹரிணி போன் செய்தாள். அவளுடைய அப்பா சுப்பிரமணியன் சார் எங்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் பெரிய இன்ஜினியராக இருந்தவர். அவள் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்து இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவளோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் பொங்கலுக்குப் பிறகு நெய்வேலியில் ஒன்றுகூடப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய கிளப் ஹாலில் நடந்த நடன இரவுகளைப் பற்றி அதில் நான் எழுத வேண்டுமாம்.

“இருநூறு வார்த்தை போதும் அங்கிள். அந்த மேஜிக்கை மட்டும் பிடிச்சுக் குடுத்துடுங்க.”

மேஜிக்! எனக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். படி ஏறி இறங்குவதே ஒரு ஷிப்டு வேலை. இருபத்தேழு வயதில் டிரம்ஸ் வாசித்ததை இப்போது ஒருத்தி இனிக்க இனிக்கக் கேட்டால் என்ன சொல்வது? “பார்க்கலாம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவள் ஒரு படம் அனுப்பினாள். அப்பாவின் ஆல்பத்தில் இருந்ததாம். நடுவில் சுப்பிரமணியன் சார் டை கட்டிக்கொண்டு மனைவியோடு ஆடுகிறார். பின்னால் மேடையில் நான். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே ஜிகினாத் தாளில் ‘1985 வருக’ என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சுவர்க் கடிகாரம்.

“இது நீங்கதானே அங்கிள்? பேர் போட்டுடட்டுமா?” என்று கீழே எழுதியிருந்தாள்.

என் மனைவி அகிலா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “ஐயையோ, இவ்வளவு முடி இருந்துச்சா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே பாதி கொட்டிடுச்சே, ஏமாத்திட்டீங்களே” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்து பத்து. தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அந்த ஹாலைப் பற்றி இந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. மரத்தளம் அது. செருப்பு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சாயங்காலமே கேரம் போர்டுக்குப் போடும் பவுடரை அதன் மேல் தூவி விடுவார்கள். ஒன்பது மணிக்குள் அது கிளம்பி வந்து எங்கள் மூக்கில் ஏறிவிடும். கிடார்காரன் தும்மிக்கொண்டே வாசிப்பான். ஃபேன் எல்லாம் ஆடுகிறவர்களுக்கு, மேடையில் இருந்த ஐந்து பேருக்கும் இரவல் கோட்டு. எங்களில் ஒருத்தரும் ஆபீசர் இல்லை. வெல்டிங் ஷாப், பம்ப் ஹவுஸ், கன்வேயர் என்று பகலெல்லாம் கரி மண்ணில் கிடந்தவர்கள். வெளிநாட்டு இன்ஜினியர்கள் இருந்த காலத்தில் தொடங்கிய நடனம், அவர்கள் போன பிறகும் விட மனமில்லாமல் வருஷத்துக்கு நாலு தடவை நடந்துகொண்டிருந்தது. ஜோடிகளில் பாதிப் பேருக்கு ஆடத் தெரியாது. ஒன்று இரண்டு மூன்று என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார்கள். எண்ணிக்கை தப்பினால் என்னை முறைப்பார்கள். மற்றபடி டிரம்ஸ்காரன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

இருந்தாலும் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. உயிரைக் கொடுக்கலாம் என்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் உயிரைக் கொடுத்தது நான் இல்லை.

துரைராஜுக்கு ஊர் கம்மாபுரம். கன்வேயரில் என்னோடு ஒரே செக்‌ஷன். எனக்கு சி ஷிப்டு இருக்கும் நாளில், அதாவது இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, கிளப்பில் நடனம் வந்தால் அவன் எனக்குப் பதிலாகப் போவான். அவனுக்கு அறுப்பு, நடவு என்று வந்தால் அவன் ஷிப்டுக்கு நான் போவேன். இதற்கு மியூச்சுவல் என்று பெயர். ஃபோர்மேனிடம் இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நாங்கள் எழுதியதே இல்லை. வாய்ச்சொல்தான். போகாதவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் போகிறவன் கையில் கொடுத்துவிடுவான், போகிறவன் அதைப் பெட்டியில் போட்டுவிடுவான். ஆள் வந்ததாக ஆகிவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எண்பத்துநாலு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் அப்படித்தான். மத்தியானமே அவனிடம் டோக்கனைக் கொடுத்துவிட்டேன். “நல்லா வாசிடா மாப்ள. காத்து இந்தப் பக்கம் அடிச்சா எங்களுக்கும் கேக்கும்” என்றான். இரவு பத்து மணிக்கு சி ஷிப்டுச் சங்கு ஊதியது. ஹாலுக்குள் அது நன்றாகவே கேட்கும். இந்நேரம் என் டோக்கன் பெட்டியில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அப்படிச் சிரித்தேன் போலிருக்கிறது. துரைராஜ் சங்கு ஊதுவதற்கு அரை மணி நேரம் முன்பே பனி மூட்டத்தில் லாரியில் அடிபட்டு சைக்கிளோடு ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தான். விடிந்துதான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் அவனுடைய அண்ணன் என்னைத் தேடி வந்தார். காகிதத்தில் மடித்து என் டோக்கனைக் கொண்டுவந்திருந்தார். “அவன் சட்டப் பையில இருந்துதுங்க. அன்னிக்கு அவனுக்கு டூட்டி இல்லன்றாங்க. உங்க ஷிப்டுக்குத்தான் போனான்னு அவன் பொண்டாட்டி சொல்லுது. நெசமா?” என்று கேட்டார்.

நான் பர்மனென்ட் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. டோக்கன் பெட்டியில் விழவில்லை என்று தெரிந்ததுமே, அன்றைக்குக் காய்ச்சல் என்று ஃபோர்மேனிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தேன். “இல்லீங்க. டோக்கன் நாலு நாளைக்கு முன்னாடியே தொலைஞ்சு போச்சு. துரைராஜ் எங்கயாவது கண்டெடுத்திருப்பான்” என்றேன். கை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். நன்றி வேறு சொன்னேன். அந்த மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

டூட்டி இல்லாத ஒருத்தன் வருஷக் கடைசி ராத்திரியில் ரோட்டில் என்ன செய்தான்? குடிக்கப் போனான் என்று ஊர் முடிவு கட்டியது. பொம்பளை சகவாசம் என்றும் கொஞ்சம் பேர் சேர்த்துக்கொண்டார்கள். அவன் பீடி கூடக் குடிக்காதவன். டூட்டிக்குப் போன வழியில் செத்தான் என்று நான் சொல்லியிருந்தால் அவன் மனைவி கஸ்தூரியம்மாளுக்கு வேலை கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவே பார்த்தேன். அவள் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கி மகன் அறிவழகனை வளர்த்தாள். எதிரே வந்தால் நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போவேன். டிரம்ஸை அந்தப் பொங்கலோடு விட்டுவிட்டேன்.

ஹரிணிக்கு ‘அது நான் இல்லை’ என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். ‘நான்தான்’ என்று எழுதி அதையும் அழித்தேன். நாற்பது வருஷம் ஒரே பொய்யைக் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான், அதற்கு ஓய்வு வயது கிடையாது. எனக்கு அலுத்துவிட்டது. நல்ல மனசு வந்து கிளம்பினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பஜார் ஸ்டுடியோவில் படத்தைப் பிரிண்ட் போட்டு, பழைய பெட்டியிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு, காலை பத்தரைக்குக் கம்மாபுரம் பஸ் ஏறினேன். அகிலாவிடம் கிளம்பும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் செருப்பை எடுத்துப் போட்டாள்.

கஸ்தூரியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. முன்பெல்லாம் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இப்போது “வாங்க” என்றாள், அவ்வளவுதான். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

படத்தையும் டோக்கனையும் அவள் முன்னால் வைத்தேன். என்ன என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. “அன்னிக்கு அவன் என் ஷிப்டுக்குத்தான் வந்தான்மா. நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“தெரியும்.”

அவள் டோக்கனை எடுத்துத் துடைத்தாள். “இத அவரு சட்டப் பையில வெச்சு வுட்டதே நான்தான். மறந்துட்டுப் போவப் பாத்தாரு. ‘நம்ம ராஜ்மோகன் மோளம் வாசிக்கப் போறான், நான் போவலன்னா அவனுக்கு ஆப்சென்ட் வுழும்’னு சொல்லிக்கினே சைக்கிள் ஏறினாரு. நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. கூட வேல செய்யற சிநேகிதனே இல்லன்றான், இவ புருசன் மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்றான்னுட்டாங்க.”

“என்னை வந்து கேட்டிருக்கலாமேம்மா…” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

முறம் நின்றது. “நான் ஏங்க வந்து கேக்கணும்?”

அவள் படத்தைக் கையில் எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தாள். “இதுல கடியாரம் தெரியுது. மணி என்னா?”

“பத்து பத்து.”

“சிரிச்சிக்கினு இருக்கீங்க” என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்ததைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, அழாதீங்க என்றும் சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மலர் போடறாங்கம்மா, அதுல இதையெல்லாம் எழுதிடறேன்” என்றேன்.

“அதெல்லாம் எங்க ஊர்ல யாரு படிக்கப் போறா?” முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “எங்க மூத்தாரு இருக்காரு. நாலு வூடு தள்ளி. அவருதான உங்களாண்ட வந்து கேட்டாரு? அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எம் புள்ள கல்யாணத்துல குடிகாரன் மவன்னு சொன்னவங்க எல்லாம் இந்தத் தெருவுலதான் இருக்காங்க.”

துரைராஜின் அண்ணன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். நான் குனிந்து, காதோரமாக, “உங்க தம்பி என் ஷிப்டுக்குத்தான் வந்தாருங்க” என்றேன்.

“என்னா?”

“காது சுத்தமா கேக்காது. கத்தித்தான் சொல்லணும்” என்றாள் கஸ்தூரியம்மாள்.

டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் நம்பரைத் தடவினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத நீதான வாங்கிக்கின?” என்றார். பிறகு அன்றைக்குக் கேட்டதையே கேட்டார். “எந்தம்பி ஒன் ஷிப்டுக்குத்தான் போனானா?”

“ஆமாங்க!” என்று கத்தினேன். “என் ஷிப்டுக்குத்தான் வந்தான்! டூட்டிக்கு வந்த வழியிலதான் செத்தான்! குடிக்கப் போகல! நான்தான் பொய் சொன்னேன்!”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குழாயடியில் இருந்த இரண்டு பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் பார்த்தார். பெரியவர் டோக்கனை மூடிய கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

கஸ்தூரியம்மாள் தெரு நடுவில் போய் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அந்தாண்ட வூட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்காது” என்றாள். “இன்னொரு வாட்டி சொல்லுங்க.”