கண்ணுச்சாமி வாபஸ் வாங்கிய வழக்கு

ராஜபாளையத்தில் கண்ணுச்சாமி வாபஸ் வாங்காத ஒன்று உண்டென்றால் அது ஊரை ஒட்டிய சஞ்சீவி மலையாகத்தான் இருக்கும். வார்டு தேர்தலில் மூன்று தடவை மனு கொடுத்தார். மூன்று தடவையும் வாபஸ். மில்லில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு, மேனேஜர் டீயை உறிஞ்சி முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார். பெண் பார்த்துச் சொன்ன சம்மதத்தையே வாபஸ் வாங்கி, தாலி கட்டுவதற்கு முதல் நாள் அந்த வாபஸையும் வாபஸ் வாங்கியவர். மனைவி பாலம்மாள் இன்றைக்கும் சோறு போடும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவர் பதினோரு வருஷமாக விடாப்பிடியாக வைத்திருந்தது ஒரேயொரு வழக்கு. பக்கத்து வீட்டுச் சிவபாண்டி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இவருக்கு உயிர்ச் சிநேகிதர். அவர் வீட்டு மாமரக் கிளை சுவர் தாண்டி வந்தது. வாய்ச்சண்டை முற்றிப் பேச்சு நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனார்கள். கிளை ஒன்றரை முழம்தான். வழக்குக் காகிதத்தை அடுக்கினால் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கே கழுத்து வலிக்கும்.

இதற்கிடையில் ஒரு புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. சிவபாண்டியும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தேவதானத்தில் மகள் மாரிசெல்வியோடு இருக்கப் போய்விட்டார். வழக்கு மட்டும் அசையவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு வாய்தா. ராஜபாளையத்திலிருந்து இருவரும் ஒரே பஸ். இவர் முன் சீட், அவர் பின் சீட். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரே பெஞ்சு, ஆளுக்கொரு முனை. கண்ணுச்சாமி பேப்பரைப் படித்துவிட்டு நடுவில் வைப்பார். சிவபாண்டி எங்கோ பார்த்தபடி எடுத்துக்கொள்வார். பேச்சுதான் கிடையாது.

அந்தப் பேச்சுக்காகத்தான் கண்ணுச்சாமி போன மாதம் வழக்கை வாபஸ் வாங்கினார். தாமாக வாயைத் திறப்பது மானக்கேடு. வழக்கை விட்டால் அவர் திறப்பார் என்று நினைப்பு.

கோர்ட் வாசலிலேயே திறந்துவிட்டார் சிவபாண்டி.

"ஏலே, யாரைக் கேட்டு வாபஸ் வாங்குன?"

பதினோரு வருஷம் கழித்துக் கேட்ட குரல். கண்ணுச்சாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "என் கேஸு. எவனக் கேக்கணும்?"

"கூறுகெட்டவனே! வாய்தான்னு சொன்னாத்தாம்லே மாரிசெல்வி என்னைய வெளிய விடுதா. முட்டுவலி, பிரஷருன்னு அம்புட்டையும் சொல்லி மறிக்கா. இனி என்னத்தச் சொல்லிட்டு வருவேன்?"

என்னையப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வா. அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணுச்சாமி அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஒன் இஷ்டம்" என்றார்.

சிவபாண்டி டீக்கடைப் பக்கம்கூடத் திரும்பாமல், காலை இழுத்து இழுத்து பஸ்ஸுக்கு நடந்தார்.

கண்ணுச்சாமி வக்கீல் யுவராணியிடம் ஓடினார். "தாயி, வாபஸை வாபஸ் வாங்க வழியிருக்கா?"

"அதே விஷயத்துக்கு மறுபடி கேஸ் போட முடியாது அண்ணாச்சி. மரமே இல்லையே!"

"வேராவது கெடக்கும்லா?"

யுவராணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தேவதானம் பஸ்ஸின் படியில் கால் வைத்தார். மாரிசெல்வி கதவைத் திறந்து, "என்ன விஷயமா வந்திய?" என்று கேட்டால்?

"ஏறுதியளா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

கண்ணுச்சாமி காலை எடுத்துக்கொண்டார். பஸ் போயிற்று. அடுத்தது பதினொன்றே காலுக்கு. அது அவருக்குத் தெரியும். மூன்று வாரமாக அதையும்தான் விட்டுக்கொண்டிருக்கிறார்.