இரண்டாம் அடுப்பு

இப்போதெல்லாம் எவருக்கும் முதுகு வளைவதில்லை. களை எடுக்க ஆள் கூப்பிட்டால், நின்றுகொண்டே எடுக்கலாமா என்று கேட்பார்கள் போலிருக்கிறது. சோறாக்குகிற பெண்டுகளும் அப்படித்தான். அடுப்பு அவர்கள் இடுப்பு உயரத்துக்கு ஏறி வரவேண்டுமாம். தாலுகாக் கச்சேரிச் சேவகன் மாதிரி நின்றபடி அதற்குள் விறகைத் தள்ளுவார்களாம். காளியண்ணனுக்கு நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அறுபத்தெட்டு வருசமாக அவர் தின்ற களியெல்லாம் தரையில் கிடந்த அடுப்பில் கிண்டியதுதான். எந்தக் களியும் வேகாமல் போய்விடவில்லை.

சமையற்கட்டைப் பிரித்துக் கட்டவேண்டும் என்பதில் அவருக்குத் தகராறு கிடையாது. ஐப்பசி மழையில், கறையான் தின்ற மூலைக்கால் முறிந்து கூரை பாதி கீழே வந்துவிட்டது. மூத்த மருமகள் சௌந்திரம் அந்நேரம் கிணற்றடிக்குப் போயிருந்ததால் தப்பினாள். சரி, கட்டத்தான் வேண்டும். ஆனால் மூத்த மகன் மயில்சாமி, ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரி கட்டியிருந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்தது சனியன். மங்களூர் ஓடு வேண்டுமாம். தரைக்குச் சிமிட்டி, மேடைக்குக் கடப்பைக் கல், கூரைக்கு மேலே புகை போக ஒரு கூண்டு, சாமான் வைக்கக் கதவு போட்ட மர அலமாரி. இளையவன் சின்னுசாமி அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன். அவனிடம் கேட்டுப் பயனில்லை.

"என்னமோ பண்ணித் தொலைங்க. மரத்தை மட்டும் நான் பார்த்துத்தான் வாங்கோணும்" என்றார் காளியண்ணன். மரத்தில்தான் ஏமாற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கல்லிலும் ஏமாற்றுவார்கள். ஆனால் கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் வண்டி பூட்டிக்கொண்டு ராசிபுரம் மரக்கடைக்குப் போனார்கள். மயில்சாமி வண்டி ஓட்டினான். தச்சு வேலைக்குப் பேசியிருந்த அர்த்தநாரி ஆசாரி அங்கேயே வந்து சேர்ந்துகொண்டார்.

கடைக்காரர் முதலில் தேக்கைக் காட்டினார். "பர்மாத் தேக்குங்க. கப்பல்ல வந்தது. உங்க பேரன் காலத்துக்கும் அசையாம நிக்கும்."

பேரன் என்றதும் மயில்சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அந்தண்டை போய்விட்டான். அவனுக்குக் கலியாணமாகி எட்டு வருசம். காளியண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் பலகை மேல் இருந்தது.

"எப்ப வெட்டுனது? வளர்பெறையிலயா, தேய்பெறையிலயா?"

வளர்பிறையில் வெட்டிய மரத்தில் பால் நிற்கும், வண்டு துளைக்கும் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கடைக்காரர் யோசிக்கவேயில்லை.

"தேய்பெறையிலதானுங்க."

"பர்மாவுல வெட்டறப்ப நீ கூட நின்னியாக்கும்? பெறையப் பார்த்துச் சொன்னது நீதானாக்கும்?"

அர்த்தநாரி ஆசாரி வெற்றிலை எச்சிலைத் துப்பப் போய்ச் சிரித்துவிட்டார். கடைக்காரர் முகம் சுருங்கியது. வாகையைக் காட்டினார். காளியண்ணன் நகத்தால் கீறிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், மூக்கை வைத்து மோந்தும் பார்த்தார். பிடிக்கவில்லை. கடைசியில் மூலையில் கிடந்த வேப்பம் பலகைகளைப் புரட்டினார்.

"இதைப் போடு. வேம்புன்னா எனக்குத் தெரியும். கறையான் கிட்ட வராது. கப்பல்ல வந்த கதையெல்லாம் இதுக்கு வேண்டியதில்லை."

"வேம்பு முறுக்கிக்குமுங்க கவுண்டரே" என்றார் ஆசாரி. "அதுலயும் இது இன்னும் ஈரம் காயல. ரண்டு மாசத்துல கதவு இறுகிப் போகும்."

"இறுகட்டும். இழுத்துத் தொறக்கட்டும். குனியறதைத்தான் உட்டுட்டாங்க, கையாச்சும் அசையட்டும்."

ஆசாரி முழக்கோலை எடுத்து அளந்தார். "அப்ப ரண்டு அலமாரிக்கும் இதே மரமுங்களா?"

"எந்த ரண்டு?"

ஆசாரி ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டார். "அக்கினி மூலையில ஒரு மேடை, ஒரு அடுப்பு, பக்கத்துல ஒரு அலமாரி. எதிர் மூலையிலயும் அதே மாதிரி சின்னதா இன்னொண்ணு. பெரிய தம்பி அப்பிடித்தானுங்க சொல்லியிருக்கறாரு."

காளியண்ணன் கோட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் அந்தக் குடும்பம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். பத்திரமெல்லாம் பின்னால் எழுதுகிறது. முதலில் அடுப்புத்தான் பிரியும். காளியண்ணனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருசத்துக்கு முன்னால் அவருடைய தம்பி பெண்சாதி, மிளகாய் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாழ்வாரத்து மூலையில் கஞ்சி காய்ச்ச ஒரு சின்ன அடுப்புப் போட்டாள். பாவம் என்று இவரும் விட்டுவிட்டார். மறு சோள அறுப்புக்குள் வாசல் நடுவே சுவர் எழும்பியது. பின்னால் வேறு தெருவுக்கே குடிபோன அந்தத் தம்பி செத்த அன்றைக்குக் காளியண்ணன் அவன் தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வயிறாம், மிளகாயாம்.

வீடு வந்ததும் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஆருக்குடா ரண்டாவது அடுப்பு?"

மயில்சாமி தொண்டையைச் செருமினான். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து சௌந்திரமே பதில் சொன்னாள்.

"எனக்குத்தானுங்க மாமா. இதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. தைப்பூசத்துக்குப் பழனி போனப்ப வேண்டிக்கிட்டேன். ஒரு கொழந்தை பொறக்கற வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன், கவிச்சி வெந்த அடுப்புல ஆக்குனதையும் தொடமாட்டேன்னு. அதுக்காக நீங்கெல்லாம் கறி திங்காம இருக்க முடியுமுங்களா? அதான் மூலையில சின்னதா ஒண்ணு. ஏனஞ்சட்டி கலந்துக்கப்படாதுன்னு ஒரு அலமாரி."

சின்னுசாமியின் பெண்சாதி பூவாத்தாளும் எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க மாமா. பத்து மாசமா நம்மூட்டுல கறி ஆக்குற அன்னைக்கெல்லாம் அக்கா பச்சை அவலும் மோருமா குடிச்சுட்டுக் கெடக்குது. அடுப்பை வழிச்சு மெழுகுன பொறவுதான் சோறு. நீங்க பார்த்ததில்லீங்களா?"

அவர் பார்த்ததில்லை. பெண்டுகள் என்ன தின்கிறார்கள் என்று எந்த ஆண்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பான்? ஆனால் அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது. சாமி பேரைச் சொல்லிவிட்டால் கிழவன் வாயடைத்துப் போவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தம்பி பெண்சாதிக்கு வயிறு. இவளுக்குப் பழனி. சின்னவளையும் கூடச் சேர்த்துப் பேசவைத்திருக்கிறார்கள்.

"சரி சரி, பார்க்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆசாரி பட்டறைக்கு நடந்தே போனார்.

"அலமாரி ஒண்ணுதான். பெருசா ஒண்ணு. ஒரே கதவு."

"பெரிய தம்பி ரண்டுன்னு சொன்னாருங்களே..."

"ஊடு எம்பட ஊடு. மரம் நான் பார்த்த மரம். பெரிய தம்பிக்கு என்ன மயிரு தெரியும்?"

ஆசாரி முழக்கோலை எடுத்து மறுபடி அளந்தார்.

அடுப்பைத் தடுப்பது அதைவிட லேசாக இருந்தது. கொத்தன் இரண்டாவது மேடையைக் கட்டி, அதன் மேல் சேறும் வைக்கோலும் பிசைந்து அடுப்பு வளைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். வீட்டில் எல்லாரும் கடலைக்காட்டில். காளியண்ணன் மேடை மேல் ஏறி நின்று, ஈரம் காயாத அடுப்பைக் குதிகாலால் மிதித்தார். இரண்டே மிதி. அப்புறம் கொத்தனைக் கூப்பிட்டு, மேடையையும் பேர்த்து அந்த மூலையில் விறகு அடுக்கத் தொட்டி கட்டச் சொன்னார்.

சாயங்காலம் மயில்சாமி வந்து பார்த்தான். மேடை இருந்த இடத்தையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கை கால் கழுவப் போனான். காளியண்ணனுக்கு அதுவே சாட்சியாகப் போயிற்று. மனசில் தப்பில்லாதவன் என்றால் கத்தியிருக்க மாட்டானா?

தையில் வேலை முடிந்து பால் காய்ச்சினார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்ள வேண்டும். புகை மேலே போயிற்று, தரை வழுவழுவென்றிருந்தது. வேப்பம் அலமாரி ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. சௌந்திரம் தன் நாலு பாத்திரங்களைத் துணியில் முடிந்து அதன் அடித்தட்டில் வைத்தாள். கறி ஆக்கிய நாளில் பழையபடி அவலும் மோரும். அடுப்பு ஒன்று, எல்லாரும் ஒன்று. காளியண்ணனுக்கு நிம்மதி.

மாசியில் பூவாத்தாள் வீட்டிலிருந்து ஓரம்பரை வந்தது. அவள் அப்பனும் அண்ணன்மார் இரண்டு பேரும். விருந்தாளி வந்தால் கோழி அடிக்காமல் முடியுமா? மத்தியானம் தின்றது போக மிச்சக் குழம்பை ராத்திரிக்கென்று பூனைக்குத் தெரியாமல் அலமாரியில் வைக்கப் போனாள் பூவாத்தாள். ஒரு கையில் சட்டி, ஒரு கை கதவில். கதவு வரவில்லை. ஆசாரி சொன்னபடியே முறுக்கிக்கொண்டு இறுகிப்போயிருந்தது. பலத்தைக் கூட்டி இழுத்தாள். கதவு பட்டென்று திறந்தது, சட்டி உள்ளே சாய்ந்தது. கோழிக் குழம்பு மேல்தட்டிலிருந்து பலகை இடுக்கு வழியாக ஒவ்வொரு தட்டாக இறங்கி, அடியில் இருந்த துணி மூட்டையை நனைத்துக்கொண்டு தரைக்கு வந்தது.

"ஐயோ அக்கா, நான் வேணும்னு பண்ணுலீங்கக்கா!" என்று பூவாத்தாள் அழுதே விட்டாள்.

"நீ என்ன பண்ணுவ சாமி, அழுகாத" என்றாள் சௌந்திரம். மூட்டையைக் கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். அப்படியே கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் குயவர் வீட்டிலிருந்து புதுச் சட்டி இரண்டு வந்தது. கட்டுத்தரைக்கு அந்தப்புறம், மாடுகளுக்கு அப்பால், மூன்று கல் வைத்துத் தனக்கென்று உலை வைத்தாள். நாலாம் நாள் மயில்சாமியும் அங்கேயே குந்தித் தின்றான்.

காளியண்ணன் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "பாத்தீங்களாடா! மூட்டிட்டா! ரண்டாவது அடுப்ப மூட்டிட்டா! நான் சொன்னனா இல்லையா!"

சௌந்திரம் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கண்ணில் புகை ஏறிச் சிவந்திருந்தது.

"உள்ள எடமிருந்தா வெளிய வருவேனுங்களா மாமா?"

"எடமில்லைன்னா போறது!"

அவர் சொன்னது கோபத்தில் வந்தது. ஆனாலும் வந்துவிட்டது. அடுத்த நாள் மயில்சாமி புதுச் சட்டிகளையும் இரண்டு பாயையும் வண்டியில் ஏற்றினான். மேற்குக் காட்டில் இவர்களுக்கு ஒரு சாளை உண்டு. விதைப்புக் காலத்தில் காவலுக்குப் படுக்கிற ஒற்றை அறை. பொண்டாட்டியும் புருசனும் அங்கே போய்விட்டார்கள். சின்னுசாமி அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பூவாத்தாள் அந்தப் புதுச் சமையற்கட்டில் நின்றபடி ஒருத்தியாகச் சோறாக்கினாள். அப்புறம் அவளும் மாமனாருக்குப் பரிமாறும்போது பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பத்து நாள் பொறுத்து, தண்ணீர் பாய்ச்சியிருக்கிறானா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு காளியண்ணன் மேற்குக் காட்டுக்குப் போனார். மயில்சாமி சாளைக்கு முன்னால் மண் குழைத்துக்கொண்டிருந்தான். அப்பனைப் பார்த்ததும் கையை வழித்துவிட்டு எழுந்தான். சௌந்திரம் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அப்பா, நான் பாகம் கேக்கலீங்க" என்றான் மயில்சாமி. "ஒரு சாண் பூமி கேக்கலை. அந்த மூலையில அவளுக்கு ஒரு அடுப்பு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள வந்தர்றோம். எனக்கு இங்க என்னங்க இருக்குது?"

காளியண்ணனுக்கு அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சின்ன மூலைதானே? விறகுத் தொட்டியை இடித்தால் அரை நாள் வேலை. சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றுகிற குழம்பும் அவருக்கு இறங்கவில்லை.

அப்போது சாளைக்குள்ளே பார்வை போயிற்று. சுவரில் பலகை அடித்துத் தட்டு வைத்திருந்தார்கள். சட்டிகள் வரிசையாக இருந்தன. மூலை நன்றாக மெழுகியிருந்தது, பக்கத்தில் விறகு அளவாகப் பிளந்து அடுக்கிக் கிடந்தது. கோபித்துக்கொண்டு வந்தவர்கள் பத்து நாளில் இத்தனை பாங்காகக் குடியேற முடியுமா? பலகை எங்கிருந்து வந்தது? ஆணி யார் கொடுத்தது?

"எத்தனை நாளா நடக்குது இந்த ஏற்பாடு?" என்று கேட்டார்.

"என்ன ஏற்பாடுங்க?"

"எங்கிட்டயே கேக்கறியா? அலமாரிக்கு மரம் பாக்கறப்பவே இதெல்லாம் பேசி வெச்சதுதான? பழனியாம், பூசமாம். அந்தக் கோழிச்சட்டி தானாச் சாஞ்சுதா, சாச்சு உட்டாங்களா?"

மயில்சாமி சேற்றுக் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டான். "கடவுளே" என்றான். இப்போதும் அவன் கத்தவில்லை என்பதைக் காளியண்ணன் குறித்துக்கொண்டார்.

சௌந்திரம் ஒரு சொம்பில் மோரோடு வந்தாள். "வெய்யல்ல வந்திருக்கறீங்க மாமா. இதையாச்சும் குடிச்சுட்டுப் போங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். தொண்டை காய்ந்துதான் கிடந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

"அப்பா, என்ன சொல்றீங்க? வாரதா, வேண்டாமா?" என்று மகன் பின்னாலிருந்து கேட்டான்.

காளியண்ணன் திரும்பவில்லை. போகவேண்டும் என்று நினைத்துவிட்டவர்களைப் பிடித்து வைக்க அவரால் ஆகாது. கடலைக்காட்டில் தண்ணீர் பாய்ந்திருந்தது. அதைக்கூட நின்று பார்க்கவில்லை. ஆணி கொடுத்தவன் அந்த ஆசாரியாகத்தான் இருக்கவேண்டும் என்று முனகிக்கொண்டே ஊர்ப் பக்கமாக நடந்தார்.