பின் இருக்கையில் தூங்குபவர்

1

இந்தக் கதை ஒரு கார் பட்டறையில், என் முறைக்காகக் காத்திருந்தபோது பிறந்தது. மெக்கானிக் என் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திவிட்டு விலகி நின்றார். ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டிய வண்டி, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஷாக் அப்சார்பர் போயிடுச்சு சார். பள்ளத்துல இறங்கினா ஸ்பிரிங் குதிக்கும். அதை அடக்குறது இதுதான். இது போனா வண்டி இல்ல, தொட்டில்."

அவர் குறையாகத்தான் சொன்னார். எனக்கோ கண் சொக்கியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: காரில் மட்டுமே தூங்கும் ஒரு குழந்தை இருந்தது. அதன் தாய்—

வேண்டாம். குழந்தை என்றால் நீங்கள் உடனே உருகிவிடுவீர்கள், நான் சும்மா இருந்து பேர் வாங்கிவிடுவேன். தூக்கம் வராத ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். கப்பல் கேப்டனாக வந்து நின்றார். மிடுக்கு தாங்காமல் திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தபோது, ஆற்றைக் கடக்கும் படகில் கயிறு கட்டுபவராக வந்தார். பாதி ஆயுசை அந்தப் படகின் பலகையிலேயே தூங்கிக் கழித்தவர். ஓய்வு பெற்று, மகன் வீட்டுக் கட்டிலில் படுத்ததிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. கட்டில் அசையவே மாட்டேன் என்கிறது என்பதுதான் அவருடைய புகார்.

3

மருமகள் சலவை நிலையம் நடத்துகிறாள். வெளுத்த விரிப்புகளைக் காரில் ஏற்றி விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் துணைக்கு வந்த மாமனார், பின் இருக்கையில் மூட்டைகளுக்கு நடுவே, முதல் திருப்பத்திலேயே உறங்கிப்போனார். அதற்குப் பிறகு மதியம் ஆனால் அவர்தான் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பார். தேய்ந்த வண்டி ஆடியது. சோப்பு வாசம் வந்தது. ஜன்னலில் மரங்கள் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தன. அவர் கரையில்லாத தண்ணீரில் போய்க்கொண்டிருந்தார்.

(கடைசி வரி அழகாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அதனாலேயே அடித்துவிட வேண்டும். அப்புறம் பார்க்கலாம்.)

4

இப்போது அவள் வாசலில் புது ஷாக் அப்சார்பர்களோடு நிற்கிறாள்.*

"ஓடுற வண்டிய எதுக்கும்மா நோண்டுற?"

"பின்னாடி ரொம்ப ஆடுது மாமா."

"ஆடினா ஆடிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, பின்சக்கரங்களைக் கழற்றினாள். கீழ் போல்ட் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்துத் தட்டினாள்.

(இங்கே பெரியவர் ஒரு நட்டை ஒளித்துவைப்பதாக எழுதியிருந்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. காலமெல்லாம் கயிறு கட்டியவர், எதையும் அவிழ்த்துவிட்டுப் போகமாட்டார்.)

"அப்புறம் நான் எங்கம்மா தூங்குறது?" என்று மட்டும் கேட்டார்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் மழையில பிரேக் போட்டேன் மாமா. பின்பக்கம் குதிச்சு வழுக்கிடுச்சு. கை நீட்டினா தொடலாம், அவ்வளவு கிட்ட சுவரு. நீங்க உக்காந்திருந்த பக்கம்."

"எழுப்பியிருக்கலாமே."

"மனசு வரல. வாயத் திறந்துட்டு அப்படித் தூங்கிட்டு இருந்தீங்க. ஓரமா நிறுத்தி அழுதுட்டு, அப்புறம்தான் வண்டிய எடுத்தேன்."

இதை எழுதும்வரை அவள் அழுதது எனக்கும் தெரியாது.

* எண்ணெய் கசிவது ஒன்றில்தான் என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் வண்டி நொண்டும். குடும்பத்தோடு ஒப்பிட ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், விட்டுவிட்டேன்.

5

பழையது கழன்று வந்தது. பெரியவர் அதை வாங்கி அழுத்திப் பார்த்தார். முரண்டு பிடிக்காமல் உள்ளே போய் அப்படியே கிடந்தது.

"பாவம், இதுவும் களைச்சுப் போச்சு" என்றார்.

புதியவை ஏறின. அவள் நட்டுகளை அரைகுறையாகவே முடுக்கினாள்.

"இப்பவே டைட் பண்ணக் கூடாது மாமா. அந்தரத்துல இறுக்கினா, இறக்கினதும் உள்ள இருக்குற ரப்பர் முறுக்கிக் கிழிஞ்சிடும். தரையில நின்னு எடை ஏறணும்."

வண்டி இறங்கியது. பெரியவர் பின்கதவைத் திறந்தார்.

"எடை வேணும்னியே. நான் உக்காரவா?"

"உங்க எடை ஒரு எடையா மாமா" என்று சிரித்தாள். பிறகு, "உக்காருங்க" என்றாள். அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் குனிந்து கடைசி நட்டை இறுக்கினாள்.

6

தூங்கினார் என்று ஒரு முடிவு எழுதினேன்: ஆட்டம் போனாலும், ஓட்டுவது அவள் என்ற—

தூங்கவில்லை என்று இன்னொன்று: விழித்த கண்ணோடு, அந்தத் தெருக்களை முதன்முதலாக—

இரண்டும் பாதியில் நிற்கின்றன. வண்டி இன்னும் புறப்படவே இல்லை. அந்தரத்தில் வைத்து நான் எதை இறுக்குவது?

மூட்டைகள் ஏறிவிட்டன. மருமகள் கை கழுவிவிட்டு வந்து, வாசிக்கும் உங்களை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பயப்படுகிறாள். தெருமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது, மெல்ல இறங்குங்கள். வண்டி ஒருமுறை எழுந்து நிற்கும். அப்போது கண்ணாடியில் அவரைப் பாருங்கள்.

கண் திறந்திருந்தால், ஆற்றைப் பற்றிக் கேளுங்கள். மூடியிருந்தால், எனக்குச் சொல்வதற்காகக்கூட நிறுத்த வேண்டாம்.