அப்பா பாதி, அம்மா பாதி

"உங்களுக்குப் பிடிச்ச படம் எதுங்க?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன், சொல்லுங்க."

"ஒட்டகக் குட்டியும் ஆந்தையும் வருமே, கார்ட்டூன் படம். லீவு விட்டா ஞாயித்துக்கிழமை காலையில டிவியில போடுவான்."

அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. பேச்சும் இல்லை. நிச்சயம் முடிந்து முதல் தடவையாகப் போனில் பேசுகிற மாப்பிள்ளை. வெற்றிச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஹலோ, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். அது எனக்கும் பிடிச்ச படங்க. ஆனா பாதிதான் பாத்துருக்கேன். ரெண்டும் ஆத்தங்கரைக்கு வந்து நிக்கும்ல, கரெக்டா அந்த எடத்துல எங்க திருமானூர்ல கரண்டு போயிடும்."

"எனக்கு அந்த எடத்துலேருந்துதாங்க தெரியும். எங்கம்மாகூட முந்திரிக்காட்டுக்குப் போயிட்டு ஜெயங்கொண்டம் வர்றதுக்குள்ள பாதி ஓடியிருக்கும்."

"அட! அப்ப கடைசியில என்ன ஆவுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லவா?"

"வேணாங்க, வேணாம். கல்யாணத்துக்கப்புறம் சேர்ந்து உக்காந்து முழுசாப் பாப்போம்."

அந்தப் பேச்சு நடந்து, இப்போது அவர்கள் மகள் கவியாவுக்கே ஐந்து வயதாகிவிட்டது.

சொன்னபடி அறிவரசன் கல்யாணமான வாரமே பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் அந்தப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்தான். அன்றைக்குப் பார்த்து விருந்தாளிகள் வந்தார்கள். பிறகு இவர்கள் விருந்துக்குப் போனார்கள். பிறகு வெற்றிச்செல்விக்கு மசக்கை. எது அசைந்தாலும் குமட்டியது. பென் டிரைவ் டிவிக்குப் பின்னால் செருகியபடியே கிடந்தது. கடைசியில் அதைக் கண்டுபிடித்தது கவியாதான். கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்கு வேறு படம் கிடையாது. எத்தனையோ புதுப் படங்கள் பளபளவென்று வந்து போயின. அவளுக்குக் கையால் வரைந்த அந்தப் பழைய ஒட்டகமும், சாயம் போன மாதிரி இருக்கும் அந்தப் பாலைவனமும் போதும்.

அவள் பிறந்த புதிதில் ஒன்று நடந்திருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து லேப் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், குழந்தையைக் கீழ்வீட்டுக் கலையரசி அக்காவிடம் விட்டுவிட்டுப் போன வெற்றிச்செல்வி, மத்தியானமே அழுதுகொண்டு திரும்பி வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அறிவரசன் சொன்னான். "நீ வேலைய விட வேணாம். புள்ளைய யாருகிட்டயும் விடவும் வேணாம். நான் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறேன். பகல்ல நான் பாத்துக்குறேன்."

அரியலூர் சிமெண்டு ஆலையில் நைட் ஷிப்ட் என்றால் ஆளாளுக்கு விலகி ஓடுவார்கள். அவன் கேட்டு வாங்கினான். அப்படி ஒருவன் செய்ததை எப்படி வேண்டாம் என்பது? அவளுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

காலையில் அவன் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவள் தலை வாரிக்கொண்டிருப்பாள். இரவு அவள் படியேறும்போது அவன் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பான். "ரசம் இருக்கு", "கேஸ் புக் பண்ணிட்டேன்", "புள்ளைக்கு லேசா சளி". வாசலில் அவ்வளவுதான். மிச்சத்தைப் போனில் பேசிப் பதிந்து அனுப்பிக்கொள்வார்கள். அவன் குரலைப் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போயிருக்கிறாள். இருவருக்கும் ஒரே கட்டில்தான். அவன் பகலில் படுத்த தலையணையில் அவள் இரவில் படுப்பாள். எவ்வளவு துவைத்தாலும் அதில் சிமெண்டு வாசனை போகாது. வார விடுமுறை அவனுக்குச் செவ்வாய், அவளுக்கு ஞாயிறு. ஞாயிறு பகலெல்லாம் அவன் தூங்கிக் கிடப்பான். செவ்வாய் இரவு அவன் வீட்டில் இருப்பான்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவான். எழுப்ப மனசு வராது.

கவியா இதையெல்லாம் ஒரு சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவோடு முதல் பாதி. ஒட்டகமும் ஆந்தையும் ஆற்றங்கரைக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவோடு அடுத்த பாதி. அதையும் வெற்றிச்செல்வி ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒட்டகம் ஒரு மாதிரி விந்தி விந்தி நடக்கும். அந்த நடையைப் பார்க்கும்போதே அவளுக்குக் கண் சொருகும்.

அன்று வியாழக்கிழமை. பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் அவள் வேலை பார்க்கும் லேபில் ரத்தம் பார்க்கும் மெஷின் நின்றுவிட்டது. திருச்சியிலிருந்து ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் தன் தெரு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

"என்னம்மா, வழி தவறி வந்துட்டியா?" கலையரசி அக்கா மாவு சலித்துக்கொண்டே கேட்டாள்.

"மெஷின் படுத்துருச்சுக்கா."

"மெஷினே படுத்துக்குது. நீங்க ரெண்டு பேரும் எப்பப் படுப்பீங்களோ, போ."

மாடிப்படியில் பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது. டிவி சத்தத்துக்கு மேலே அறிவரசனின் குரல். "ஏய் ஆந்த! பகல்ல கண்ணு தெரியலன்னா வூட்டுலயே கெடக்க வேண்டியதுதான? ஏன் எந்தலையில ஏறுற?" ஒட்டகத்துக்கு அச்சு அசலாகத் திருமானூர்ப் பேச்சு. கவியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அவன் கைலியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கவியா அவன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவன் கண் இரண்டும் சிவந்து, இமை கனத்து இறங்கி இறங்கி ஏறியது. ஆனால் ஒட்டகம் பேச வேண்டிய இடம் வந்ததும் குரல் மட்டும் சரியாக எழுந்தது.

முதலில் பார்த்தது கவியாதான். அவள் முகம் மலரவில்லை.

"அம்மா, நீ ஏன் இப்ப வந்த?"

"ஏன்டி, வரக்கூடாதா?"

"இது அப்பா பாதி. ஒம் பாதி சாப்ட்டுட்டு."

"சரி, நான் பாக்கல. சும்மா உக்காந்துக்கிறேன்."

"கண்ண மூடிக்க."

"கவியா, அம்மாவ அப்பிடிச் சொல்லக்கூடாது," என்றான் அறிவரசன். "உக்காரு செல்வி. என்ன, ஒடம்பு கிடம்பு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன். மெஷின் ரிப்பேரு."

அவள் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். பை தோளிலேயே இருந்தது. கழற்றக்கூடத் தோன்றாத அலுப்பு. கண்ணை மூடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு பார்த்தாள்.

சின்ன வயதிலிருந்து பார்த்திராத பாதி. ஒட்டகத்துக்கு இரவில் கண் தெரியாது. ஆந்தைக்குப் பகலில் தெரியாது. கூட்டத்தைத் தவறவிட்ட இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. இரவில் ஆந்தை வழி சொல்லும். பகலில் ஒட்டகம் நடக்கும்; ஆந்தை திமிலில் தூங்கும். ஒரு நாள் ஒட்டகம் உற்சாகமாகத் துள்ளிக் குதித்து ஓடியதில், தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை மணலில் விழுந்து இறக்கையில் அடிபட்டுக்கொண்டது. ஒட்டகம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து முன்காலை மெல்ல ஊன்றி, பின்காலை இழுத்து, திமில் அசையாமல் நடக்கப் பழகிக்கொண்டது.

வெற்றிச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதான் அப்பிடி நடக்குதா?"

"எது?" என்றான் அறிவரசன்.

"பின்னாடி பூரா விந்தி விந்தி நடக்குங்க. நான் நொண்டின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். சின்ன புள்ளையிலேருந்து."

"நொண்டியா?" கவியா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல. ஆந்த முழிச்சுக்கும்ல, அதான் மெதுவா நடக்குது. அப்பா, இந்த அம்மா தூங்கித் தூங்கிப் பாக்குதுப்பா."

"கடைசி வரைக்கும் அப்பிடித்தான் நடக்குமா?" அறிவரசன் கேட்டான். கேட்டுவிட்டு உடனே கையை ஆட்டினான். "வேணாம், வேணாம். சொல்லிப்புடாத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் இவன் முடிவைக் கேட்காமல் வைத்திருக்கிறான். கவியாவையும் சொல்லவிடாமல் வைத்திருக்கிறான்.

அப்போது அவன் போன் அடித்தது. அவன் கைக்கு எட்டாததால் கவியாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, கொளஞ்சியப்பன் பேசுறேன்." ஆலையில் அவனுக்கு மூத்த ஆள். சத்தமாகப் பேசித்தான் பழக்கம். "அந்த ஜெனரல் ஷிப்ட் விஷயம் என்னாச்சு? பேக்கிங்ல ஒரு மனுசன் ரிடையர்டு ஆவுறாரு. ஒம் பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன். சார் ஆபீஸ விட்டுக் கெளம்புறதுக்குள்ள ஒரு வார்த்த கேக்குறாரு."

அறிவரசன் அவசரமாகப் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தான். ஆனாலும் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இல்லண்ணே. அன்னைக்கே சொன்னனே, வூட்டுல வசதிப்படாது."

"யார்றா இவன்! காலையில போயி சாயங்காலம் வர்ற வேல, அவனவன் கால்ல வுழுந்து கேக்குறான். தங்கச்சிகிட்டக் கேட்டியா?"

"கேக்கவே வேணாங்கண்ணே. புள்ளைய வெளிய விட்டா அதுக்கு மனசு கேக்காது. எனக்குத் தெரியும்."

"இந்த தடவ வுட்டா இன்னொருத்தன் ரிடையர்டு ஆவுற வரைக்கும் நீ ராக்கோழிதான். யோசிச்சுச் சொல்லு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்புடுறேன்."

போனை வைத்துவிட்டு அவன் அவள் பக்கம் பார்க்காமல் எழுந்தான். "கவியா, ஆறு வந்துருச்சு பாரு. நிறுத்து. அப்பா குளிச்சுட்டு வரேன்."

திரையில் ஒட்டகம் ஆற்றங்கரையில் அசையாமல் நின்றது. திமிலில் ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவனுடைய டிபன் பாக்ஸ் ஏற்கெனவே கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. பக்கத்தில் அவளுக்கும் கவியாவுக்குமான சப்பாத்தி மாவு பிசைந்து மூடி வைத்திருந்தது. தினமும் வந்து பார்ப்பதுதான். பிசைந்த மாவு தானாக இருக்கும் என்பது போல் தினமும் எடுத்துத் தேய்த்திருக்கிறாள். மாவில் விரல் பதிந்த தடம் இருந்தது. அவன் எப்போது தூங்குகிறான்?

கேட்க வேண்டியது அவளிடம் எப்போதோ இருந்தது. கவியா நடக்க ஆரம்பித்தபோதே இருந்தது. எல்.கே.ஜி. சேர்ந்த அன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலையில் அவன் வந்து நிற்கும் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. அவ்வளவு தூரம் செய்தவனிடம் இன்னும் என்ன கேட்பது? அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். அவனோ, அவள் ஒரே ஒரு மத்தியானம் அழுததை இத்தனை வருஷமும் மனசில் வைத்துக்கொண்டு, அதை அசைக்காமல் நடந்துகொண்டிருக்கிறான்.

வெளியே வந்து கீழே எட்டிப் பார்த்தாள். கலையரசி அக்கா இன்னும் வாசலில்தான் இருந்தாள்.

"அக்கா, இஸ்கூல் விட்டு வந்து நான் வர்ற வரைக்கும் கவியாவ உங்ககிட்ட விட்டா, தொந்தரவா இருக்குமாக்கா?"

"அடி இவளே, எத்தன தடவ நானே கேட்டுருக்கேன்! எம் பேத்திங்க ரெண்டும் இங்கதான ஆட்டம் போடுதுங்க. மூணாவதா இதுவும் போடட்டும். ஒங்க வூட்டு ஒட்டகப் படத்த மட்டும் இங்க கொண்டாராம இருந்தாப் போதும். அதுங்களும் புடிச்சுக்கிட்டா எஞ் சீரியல் போச்சு."

"ஆன்ட்டி, நான் ஒங்களுக்கும் போட்டுக் காட்டுறேன்!" கவியா கைப்பிடிச் சுவர் வழியாகக் கத்தினாள்.

"கெட்டுச்சு போ!"

அறிவரசன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது வெற்றிச்செல்வி அவன் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஏன் எடுக்குற? போயி கொஞ்சம் படு. சீக்கிரம் வந்ததுக்கு ஒரு தூக்கமாச்சும் போடு," என்றான்.

"நீங்க எப்பத் தூங்குறீங்க?"

"எப்பயாச்சும் தூங்குவேன். குடு அத."

அவள் கொடுக்கவில்லை. அவன் போன் மறுபடி அடித்தது. மேசை மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அவன் அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"அண்ணன்தான். வேணான்னு சொல்லிடுறேன்."

"சொல்லாதீங்க."

"என்ன செல்வி?"

"அம்மா, இப்ப ஒம் பாதி ஆரம்பிக்கட்டுமா?" ரிமோட்டோடு கவியா கேட்டாள்.

வெற்றிச்செல்விக்குக் கால் வலித்தது. காலையிலிருந்து நின்ற வலி. அதற்கு முந்தின நாட்களின் வலியும் சேர்ந்து. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நின்றுபோவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"புள்ள கீழ இருந்துக்கும். அக்காகிட்டப் பேசிட்டேன். நான் அழ மாட்டேன்," என்றாள். குரல் பாதியில் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "நீங்க செஞ்சதெல்லாம் போதுங்க. பகல் வேலைய வாங்கிக்கங்க. ராத்திரியில வூட்டுல இருங்க. எனக்கு நீங்க பக்கத்துல வேணும்."