ருசி சொல்கிற ஆள்

பின்தண்டை உருவியெடுத்த பெரிய சிரிஞ்சைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள் லாவண்யா. அதற்குள் ஊற்றிய பருப்புக் கஞ்சி இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த மகள் அதிதியின் வயிற்றிலிருந்து ஒரு குழாய் வந்து சிரிஞ்சின் அடியில் சேர்ந்திருந்தது. கஞ்சி அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கதவுக்கு அந்தப்பக்கம் கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் ராம்கி படுத்திருந்தான்.

"க்ளாம்ப் தொறக்கலம்மா," என்றாள் அதிதி.

லாவண்யாவுக்குச் சுருக்கென்றது. குழாயைக் கவ்வியிருந்த நீல நிற க்ளாம்பைத் தேடிப் பிடித்துத் திறந்தாள். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாத தாய் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவளே சொல்லிக்கொண்டாள்.

அதிதிக்கு வயது எட்டு. ஓடுவாள், பாடுவாள், கொஞ்சம் மூக்கில் வரும் குரலில் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். விழுங்க மட்டும் வராது. பிறந்ததிலிருந்தே தொண்டைத் தசைகளுக்கு அந்த வேலை தெரியவில்லை. வாயில் கொடுத்த பாலெல்லாம் நுரையீரலுக்குப் போய், ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த பிறகு டாக்டர்கள் வயிற்றில் ஒரு துளை போட்டுக் குழாயை வைத்தார்கள். இனி நாக்கில் ஒரு சொட்டுகூட வைக்காதீர்கள் என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்கள்.

யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாகவேண்டும். லாவண்யாவுக்கு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ராம்கி அதே பக்கம் இன்னொரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். சம்பளம் யாருக்கு அதிகம் என்று பேசக்கூட இல்லை. ஒருநாள் சாயங்காலம் அவன் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, "நீ போ லாவண்யா, நான் பாத்துக்கறேன்," என்றான். அவ்வளவுதான்.

பாத்துக்கறேன் என்றால் சும்மாவா? தினமும் குழாயைச் சுற்றி வெந்நீரால் துடைத்து ஈரம் போக ஒற்றவேண்டும். தோலில் ஒட்டிக்கொள்ளாமல் குழாயைத் திருப்பிவிடவேண்டும். அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் குழைய வேகவைத்து மை போல அரைத்து, துணியில் வடிகட்டவேண்டும். ஒரு திப்பி மாட்டினால் போச்சு. ஊட்டி முடித்ததும் தண்ணீர் விட்டுக் குழாயை அலசவேண்டும். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் லாவண்யாவுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் செய்தாள். அவள் கஞ்சியைச் சிந்துவதைப் பார்த்து, "விடு, நான் பண்றேன்," என்பான் ராம்கி. அவளும் விட்டாள். விட்டது பழகிப்போய், பழகியது வசதியாகிவிட்டது.

கஞ்சி இறங்கத் தொடங்கியது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அதிதி இரண்டு விரல்களால் குழாயை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"என்னது கண்ணு?"

"சாப்பாடு. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

லாவண்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ராம்கி ஒருநாளும் ருசி பார்க்காமல் ஊற்றினதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டு நக்குவான். கண்ணை மூடிக்கொள்வான். எதிரே அதிதியும் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு தீர்ப்பு வரும். "பருப்பு லேசா அடிப்பிடிச்சிருக்கு, ஆனா நெய்யி மானத்தக் காப்பாத்திடுச்சி." "கேரட்டு இனிக்குது. பீன்ஸுதான் என்னமோ மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு." அவள் கெக்கெக்கே என்று சிரித்து, "உப்பு?" என்பாள். "உப்பு கரெக்ட்டு மேடம்," என்பான். அதற்குப் பிறகுதான் சிரிஞ்சு மேலே ஏறும். நேராக வயிற்றுக்குப் போகிற சாப்பாட்டுக்கு அவன் சீரகம் வேறு வறுத்துப் பொடித்துப் போட்டான். அப்பாவும் பெண்ணும் நன்றாக நடிக்கிறார்கள் என்று லாவண்யா வெளிப்படையாகவே கேலி செய்திருக்கிறாள்.

"நல்லா இருக்குடா," என்றாள்.

"நீ வாயிலயே வெக்கல."

பொய் அகப்பட்டுக்கொண்டது. லாவண்யா கதவுப்பக்கம் பார்த்தாள். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து எல்லாரும் காபி, காபி என்று நீட்டியும் அவள் தொடவில்லை. "பச்சத்தண்ணி பல்லுல படல பாரு, பாவம்," என்று யாரோ மெச்சிக்கொண்டதும் காதில் விழுந்தது. பிணம் எடுக்கிறவரை பெண்டாட்டி வாயில் எதுவும் வைக்கக்கூடாது. எடுக்கிறவரை வீட்டில் அடுப்பும் மூட்டக்கூடாது. இந்தக் கஞ்சியே கீழ்வீட்டு மௌரீன் ஆன்ட்டி தன் சமையலறையில் வேகவைத்து அரைத்துக் கொண்டுவந்தது.

"என்னம்மா, கொழந்த சாப்பிட்டாளா?" என்று கேட்டபடி உஷா உள்ளே வந்தாள். ராம்கியின் அக்கா. கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவள், அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ருசி பாத்து சொல்லச் சொல்றா அண்ணி. அவரு அப்படித்தான் குடுப்பாரு."

"அய்யோ, நல்லா இருக்குது கத! பொணத்த நடுவூட்டுல போட்டுக்கினு பொண்டாட்டி சோத்த நக்கிப் பாக்கறதா? பாக்கறவங்க காறித் துப்புவாங்க." உஷா குனிந்து அதிதியின் தலையைத் தடவினாள். "அத்த சொல்றேன்டா தங்கம், சூப்பரா இருக்கு. சாப்டு."

"நீயும் வாயில வெக்கல அத்த."

"அப்பன மாதிரியே வாயி," என்ற உஷாவுக்கு மறுபடி அழுகை வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

வாயால் சாப்பிடுகிற பிள்ளையைக் கொஞ்சலாம், மிரட்டலாம், நிலாவைக் காட்டி ஏமாற்றலாம். குழாயை மடித்துப் பிடித்திருக்கிற கையை என்ன செய்வது? பிடித்து இழுத்தால் குழாயே வந்துவிடும். லாவண்யா சிரிஞ்சைத் தாழ்த்திக் கஞ்சியை டம்ளரில் திருப்பி ஊற்றினாள். நேற்று ராத்திரி பாதித் தூக்கத்தில் டப்பாப் பால் போனதுதான், அதற்குப் பிறகு பிள்ளையின் வயிறு காலி.

"தண்ணி ஊத்தும்மா. இல்லன்னா டியூப் அடச்சிக்கும்," என்றாள் அதிதி. தண்ணீருக்கு ருசி பார்க்கவேண்டியதில்லை போலிருக்கிறது. விரலை எடுத்து வழிவிட்டாள்.

தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற லாவண்யாவுக்கு நேற்றைய காலை வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஈஜிபுரா சிக்னலில் கம்பெனி பஸ் வந்துவிடும். அவள் கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ராம்கி ஸ்பூனோடு பின்னாலேயே வந்தான்.

"லாவண்யா, ஒரு சொட்டு பாரேன். பீட்ரூட்டு போட்டேன். எனக்கு ரெண்டு நாளா வாயி கசக்குது, இனிப்பு சரியாத் தெரியல."

"வயித்துக்குத்தான போவுது. இனிச்சா என்னா, கசந்தா என்னா? வேல இல்லாதவங்களுக்குத்தான் இதெல்லாம் தோணும்."

வாய் ஏன் கசக்கிறது என்று கேட்டிருக்கலாம். முகம் வேர்த்திருந்ததையாவது நின்று பார்த்திருக்கலாம். அதிதி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ராம்கி கோபப்படவில்லை. ஸ்பூனைத் தானே நக்கிக்கொண்டு, "அம்மாக்கு லேட்டாயிடுச்சி. இன்னிக்கும் அப்பா நாக்குதான்," என்று பிள்ளையிடம் சிரித்தான். மதியம் சமையலறையில் விழுந்தான். அதிதி ஜன்னலில் நின்று கத்தி, மௌரீன் ஆன்ட்டி மாடியேறி வந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளமுடியுமா? அதுவும் கேட்டவனே போய்ச் சேர்ந்த பிறகு?

அவள் கூடத்துக்கு வந்து ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரோரம் இருந்த ஒரு அம்மாள், ராம்கிக்கு எந்த வகையில் உறவோ, பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள்.

"பொண்டாட்டி சம்பாரிச்சிப் போட்டா, இவன் வூட்ல சும்மாத்தான இருந்தான். ஒடம்பு நோவாத ஆளு. அதுக்கே இப்பிடி ஆயிப்போச்சி பாரு."

சும்மா இல்லை என்று கத்தவேண்டும் போல லாவண்யாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எந்த வாயால் கத்துவது? நேற்று அதே வார்த்தையை வேறு மாதிரி சொன்ன வாய்தானே. தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "டைம் ஆய்த்து ஸார், டைம் ஆய்த்து," என்று வண்டிக்காரர் படிக்கட்டிலிருந்தே அவசரப்படுத்தினார். மின்மயானத்தில் கொடுத்த நேரம் தவறினால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்களாம். ராம்கியின் தாய்மாமன் ரங்கநாதன் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

"பெட்டியத் தொறங்கப்பா. பொம்பளைங்க எல்லாம் இங்கயே வாய்க்கரிசி போட்டுடுங்க. உஷா, அரிசியக் கொண்டா."

உஷா ஒரு எவர்சில்வர் தட்டில் பச்சரிசி கொண்டுவந்தாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கொஞ்சம் அள்ளி ராம்கியின் உதட்டில் தூவிவிட்டு அழுதுகொண்டே நகர்ந்தாள். சும்மா இருந்தான் என்று சொன்ன அம்மாளும் தூவினாள், அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். மௌரீன் ஆன்ட்டி போடலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு அவளும் ஒரு சிட்டிகை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கொழந்தையக் கூப்புடு," என்றார் ரங்கநாதன்.

அதிதி குழாயைக் கவுனுக்குள் செருகிக்கொண்டு தானாகவே வந்து நின்றாள். நேற்றிலிருந்து அவள் பெரிதாக அழவில்லை. அதுவே எல்லாருக்கும் பயமாக இருந்தது. உஷா அவள் கையில் அரிசியை வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"அப்பா வாயில போடு தங்கம்."

அதிதி மூடிய கையைப் பார்த்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள்.

"யாரு பாத்தீங்க?"

"என்னாத்தடா?"

"ருசி. குடுக்கறதுக்கு முன்னாடி யாராவது பாத்தீங்களா?"

உஷா தட்டிலிருந்த அரிசியைக் குனிந்து பார்த்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் புரியல," என்றார் ரங்கநாதன். "கையப் புடிச்சி நீயே போடவைம்மா உஷா. நேரமாவுது."

உஷா மணிக்கட்டைப் பிடித்தாள். அதிதி முஷ்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பாக்காம குடுக்கமாட்டேன். அப்பா எனக்கு ஒருநாளும் பாக்காம குடுத்ததில்ல." அதற்குமேல் குரல் உடைந்து, உதடு கோணி, நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. அழுகையில் எச்சில் புரையேறி இருமினாள். முஷ்டியை மட்டும் விடவில்லை.

லாவண்யா எழுந்து வந்து மகளை முன்பக்கம் சாய்த்து முதுகைத் தட்டிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி!" என்று உஷா அலறினாள். "வாய்க்கரிசிய..."

"சிவ சிவா! என்னம்மா காரியம் பண்ற?" என்று ரங்கநாதன் ஒரு எட்டு முன்னால் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டார்.

லாவண்யா மென்றாள். வறண்ட வாயில் அரிசி பல்லுக்குப் பல் நறநறத்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. என்ன சொல்வது? எந்தச் சாப்பாட்டையும் அவள் இப்படி நின்று கவனித்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பச்சரிசி," என்றாள். "ஊறவெக்கல. கடுக்கு கடுக்குனு இருக்கு."

"உப்பு?"

"உப்பு இல்ல."

"அப்புறம்?"

"மொதல்ல சப்புன்னுதான் இருந்துச்சி. மென்னுக்கினே இருந்தா பால் மாதிரி ஆவுது. கடைசில லேசா இனிக்குது."

கண்ணைத் திறந்தபோது எதிரே அதிதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னம் முழுக்க ஈரம்.

"அப்பாக்குப் பிடிக்குமா?"

லாவண்யாவால் இதற்குப் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியல கண்ணு. அப்பாக்கு என்ன பிடிக்கும்னு அம்மா கேட்டதேயில்ல."

"நான் கேட்டிருக்கேன்," என்றாள் அதிதி. "இனிப்புன்னா பிடிக்கும்."

அவள் அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் போய் முஷ்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். மொத்தமாகக் கொட்டவில்லை. விரல்களைக் கொஞ்சமாகத் தளர்த்தி, அரிசி அதன் போக்கில் இறங்கட்டும் என்று பொறுமையாக நின்றாள். வண்டிக்காரர் கீழேயிருந்து மறுபடி குரல் கொடுத்தார்.

கை காலியானதும் அவள் நகர்ந்துகொண்டாள். ஆண்கள் குனிந்து ராம்கியைப் பெட்டியிலிருந்து தூக்கிப் பாடையில் கிடத்தினார்கள்.

உஷா முந்தானையை விரித்து லாவண்யாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். "துப்பிடும்மா, துப்பிடு. ஆவாதும்மா."

லாவண்யா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வாயில் இருந்ததை விழுங்கினாள்.