சேவை வீட்டுத் தண்ணீர்

சிஸ்டர் மெட்டில்டாவுக்கு அலுத்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதுக் கன்னியாஸ்திரிக்கு அலுப்பு வரலாமா என்று கேட்டால், தாராளமாக வரும். காலைப் பூசை முடிந்ததும் தாம்பரத்தில் பஸ் ஏறி, ஊரப்பாக்கத்தில் இறங்கி, முட்டி வலியோடு ஒரு மைல் நடந்து, யார் வீட்டுப் பீத்துணியையோ அலசிவிட்டுத் திரும்புகிறவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

அவளுடைய சபை தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தது. அன்னை அனஸ்தாசியா என்ற விதவை, தன்னைப் போன்ற நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வாந்திபேதி கண்ட வீடுகளுக்குள் போனாள். சொந்தக்காரனே எட்டிப் பார்க்காத வீடுகள். நோயாளியைக் கழுவித் துடைத்து, கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு வருவார்கள். பரிசுத்த ஆவி அன்னைக்குக் கொடுத்த கொடை அது, அதுவே சபையின் தனிவரம் என்று புதிதாகச் சேருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லிக் கொடுத்ததோடு சரி. நூறு வருடத்தில் அந்த வரம் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமாகிவிட்டது. தாம்பரம் மடத்தில் பதினோரு சிஸ்டர்கள் சாக்பீஸ் பிடித்தார்கள். வீடுகளுக்குப் போகிறவள் மெட்டில்டா ஒருத்திதான்.

எண்பத்தேழாம் வருடம் தாய்மடத்திலிருந்து கடிதம் வந்தது. சபைகள் தங்கள் ஆதி வரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று திருச்சபை சொல்லி இருபது வருடமாகிறது, நாம் என்ன செய்தோம், வீட்டு ஊழியம் தொடரவேண்டுமா, மூடிவிடலாமா, அதைச் செய்கிறவரே எழுதட்டும் என்று கேட்டிருந்தார்கள். மடத்தின் தலைவியும் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸுமான மதர் பியூலா கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"முடிவு உங்க கையிலதான் சிஸ்டர். உங்களுக்கு அப்புறம் அனுப்ப என்கிட்ட ஆள் இல்ல. நீங்க வேண்டாம்னா இதோட முடிஞ்சுது."

அன்னை தொடங்கியது தன் ஒரு வரியில் முடியப்போகிறது என்று மெட்டில்டாவுக்குத் தெரியும். துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் முட்டிக்குத் துக்கம் தெரியுமா? மூடிவிடலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பியூலாவின் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஊரப்பாக்கம் காலனியில் தனத்திடம் விஷயத்தைச் சொன்னாள். தனம் சித்தாளாக இருந்தவள். சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. புருஷன் பொன்னுசாமி மரக்கடையில் லோடு ஏற்றப் போய்விட்டால் பக்கத்தில் ஆள் கிடையாது. பதினாறு மாதமாக அவளைக் குளிப்பாட்டுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் மெட்டில்டாதான். அன்றைக்குப் பொன்னுசாமி லீவு.

"மாசக் கடைசியோட நின்னுக்கறேன் தனம். முடியல."

தனம் புருஷனைப் பார்த்தாள். "சிஸ்டருக்கு ஒரு டீ போடுய்யா. போகப்போறாங்க, ஒரு நாளாச்சும் குடிச்சிட்டுப் போவட்டும்."

"வேணாம்மா, எங்க ரூல்ஸ்ல இல்ல. சேவை செய்யற வீட்டுல ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கக் கூடாதுன்னு அன்னை எழுதி வெச்சிருக்காங்க." சொல்லிக்கொண்டே பையிலிருந்து பாட்டிலை எடுத்து, வழக்கம்போல இரண்டு மடக்குக் குடித்தாள்.

"அந்த ஆபீசர் வூட்டு கிரகப்பிரவேசத்துல கேசரி துண்ணீங்களாமே. மரம் எறக்கப் போன எடத்துல இவரு பாத்துகினு வந்தாரு."

மெட்டில்டாவுக்கு முகம் சுட்டது. "அது சேவை வீடு இல்ல தனம். அங்க விருந்தாளியாப் போனோம்."

"அதான் கேக்கறேன். எங்க வூட்டுக்கு எப்ப விருந்தாளியா வருவீங்க?"

தனம் குரலை உயர்த்தவில்லை. "எம் பீய அள்றீங்க, புண்ணத் தொடைக்கிறீங்க. எம் பானைத் தண்ணி மட்டும் ஆவாதா? ஊருக்குள்ள போனா எங்க கைல ஒசர இருந்து தண்ணி ஊத்துவாங்க. நீங்க எங்க கைல வாங்கவே மாட்டேன்றீங்க. ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்? மாசக் கடைசி வரைக்கும் இன்னாத்துக்கு, நாளைலேர்ந்தே வராதீங்க."

சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் மெட்டில்டாவுக்கு வியர்த்துக் கொட்டியது. டாக்டர் வீட்டில் காப்பி குடித்திருக்கிறாள். கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணத்தில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். கூரை வீடு ஒன்றிலாவது தண்ணீர் குடித்தோமா என்று யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வீட்டு ஊழியத்துக்கு வந்த இருபத்தாறு வருடமாக அதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வீட்டில் வேலைக்காரர்களுக்கென்று கொல்லைப்புறத்தில் தனித் தம்ளர் உண்டு. மடத்தில் சேர்ந்த அன்றே அதையெல்லாம் தலைமுழுகியாயிற்று என்று நம்பியிருந்தாள். தலைமுழுகினாளா, அதற்கும் ஓர் அங்கியை மாட்டிக் கூடவே கூட்டிவந்தாளா? அவமானத்தில் அழுகைகூட வரவில்லை.

மடத்துக்கு வந்ததும் பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பியூலா விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ராகம்போட்டு வாசிக்கிற புத்தகம்தான்.

"சேவை செய்யும் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரும் பெறாதே, அவ்வீட்டுப் பிள்ளைகளின் பங்கு குறையாதிருக்கும்படி." நிமிர்ந்தாள். "பஞ்சத்துக்காக எழுதினது சிஸ்டர். நாம முன்பாதியைத்தான் பிடிச்சுக்கிட்டோம்."

"அப்ப நான் குடிக்கலாமா மதர்?"

"விதியை மாத்தறது தாய்மடத்துல கூடற பொதுப்பேரவை வேலை. நான் சரின்னு சொல்ல முடியாது." பியூலாவும் களைத்திருந்தாள். மேஜைமேல் திருத்த வேண்டிய பேப்பர்கள் குவிந்திருந்தன. "மூடிடலாம்னு நீங்க எழுதின தாளைத் தபால்ல சேர்க்கட்டுமா?"

"நாளைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் வாசலிலேயே பொன்னுசாமி தயங்கி நின்றான். "அது கோவமா கீது சிஸ்டர்."

"கோவப்படட்டும்ப்பா." உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். கிணற்றடியில், ஊர் ஒதுக்கிய சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட ஆண்டவரைப் பற்றி முப்பது வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள். தன் வாயால் கேட்க நாக்கு எழவில்லை. கொடுப்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கேட்டுப் பழக்கமில்லை.

"தனம், எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும்."

தனம் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "பாட்டில் இன்னா ஆச்சு?"

"கொண்டு வரல."

"பதினாறு மாசமா எங்க வூட்ல எடுக்காத தாகம் இன்னிக்கு எடுத்துகிச்சா?"

"தினமும்தான் எடுத்துச்சு. உன்கிட்ட கேக்கணும்னு தோணல. தப்புதான் தனம்."

பொன்னுசாமி பானையைத் திறந்துவிட்டு, அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுக்கப் போனான்.

"அது வேணாம். எஞ் சொம்புல குடு."

தலைமாட்டில் இருக்கும் நசுங்கிய அலுமினியச் சொம்பு. மெட்டில்டா வாங்கினாள். பழக்கதோஷத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தூக்கிவிட்டாள். தனத்தின் முகம் சுவரைவிட்டு இவள் பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கண்கள் சொம்பைவிட்டு அசையவில்லை. மெட்டில்டா கையை இறக்கி, விளிம்பில் வாய் வைத்துக் குடித்தாள். அடிபம்புத் தண்ணீரில் லேசாகத் துரு வாடை அடித்தது. பாதியில் நிறுத்தாமல் முழுச் சொம்பையும் குடித்து முடித்தாள்.

முட்டி வலி அப்படியேதான் இருந்தது, அலுப்பும் போகவில்லை. மருந்தும் பஞ்சும் எடுக்க எழுந்தவளைத் தனம் கையமர்த்தினாள்.

"இன்னிக்கி ஒண்ணும் செய்ய வேணாம், உக்காருங்க. நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க. கருவாட்டுக் கொழம்பு வெக்கச் சொல்றேன். வேலைக்கு நாளன்னிக்கு வந்தா போதும்."